புதுப்பிப்பு: பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு), நான்கு மாதம் கழித்து

மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, ஸ்கேனில் நீர்க்கட்டி என்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று மார்ச்சில் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. அது கட்டியே இல்லையாம், முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகளாம். ஒழுங்கில்லாத மாதவிடாய், ஆண் ஹார்மோன் கூடுதல், ஸ்கேனில் இந்தத் தோற்றம் என மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் பிசிஓஎஸ் என்றார் டாக்டர். எனக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, அதனால் அதைச் சரிசெய்ய மெட்ஃபார்மின் மாத்திரை. முதல் வாரம் வயிறு படுத்தியெடுத்தது. தினமும் மூக்கனேரிப் பக்கம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். தட்டுவடை செட் மட்டும் வாரம் ஒருநாள் உண்டு, சேலத்தில் இருந்துகொண்டு அதையும் விடச் சொன்னால் எப்படி? 84 கிலோ இப்போது 79. இரண்டு மாதமாக மாதவிடாய் வருகிறது. ஆண் ஹார்மோனால் வந்த முகத்து முடி அப்படியேதான், அது குறைய ஆறு மாதமாவது ஆகுமாம். அப்புறம், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற அத்தைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.