புதுப்பிப்பு: 46 வயதில் சைக்கிள் பழகலாமா என்று கேட்டிருந்தேனே, ஓட்டிவிட்டேன்

ஒன்றரை மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: வயது 46, வாழ்நாளில் சைக்கிளில் ஏறியதில்லை, விழுவதைவிட ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான் பயம், எப்படித் தொடங்குவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, பெடல் இரண்டையும் கழற்றிவிட்டுப் பழகச் சொன்ன யோசனை. உள்ளங்கால் முழுதாக நிலத்தில் படும் அளவுக்குச் சீற்றை இறக்கி, சின்னப்பிள்ளை மாதிரிக் காலால் தள்ளித் தள்ளி உருண்டேன். பயம் வந்தால் காலை ஊன்றலாம், அவ்வளவுதான். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடும் வழி எனக்குச் சரிவரவில்லை. தம்பி கையை விட்டுவிட்டானா என்று திரும்பிப் பார்த்தே இரண்டு முறை சாய்ந்தேன்.

இடம், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கை. ஞாயிறு காலை ஆறு மணி. நான்காவது ஞாயிறு பெடலைத் திரும்பப் பூட்டினேன்.

எதிர்பாராத தொல்லை இடது பெடல்தான். 15 மி.மீ. ஸ்பானரால் வலதைக் கழற்றிய மாதிரியே திருப்பினால் இன்னும் இறுகிக்கொண்டே போனது. அதன் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழரும். இது தெரியாமல் அரை மணி நேரம், உள்ளங்கைத் தோலும் உரிந்தது.

அப்புறம் ஆட்கள்? பாண் வாங்கப் போன ஓர் ஐயா மட்டும் நின்று பார்த்தார். "கீழ பாக்காதேங்கோ பிள்ளை, தூரப் பாருங்கோ" என்றார். உண்மைதான், முன் சக்கரத்தைப் பார்த்தபோதெல்லாம் தடுமாறினேன். பஸ் ஓடும் பெரிய வீதியான காலி வீதிக்கு (Galle Road) இன்னும் போகவில்லை. 100ஆம் இலக்க பஸ்களோடு எனக்கென்ன போட்டி!