பிள்ளைகளுக்குத் தடுமலும் இருமலும் வந்தபோது: நம்ம பக்கத்து அனுபவங்கள்

குலசேகரம் பக்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

ஆனி மாதம் மழை பிடித்தால் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தடுமல்தான். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இளையவனுக்கு அப்போது பதினான்கு மாதம். முதல் மூன்று நாள் மூக்கொழுகல், இருமல், லேசான காய்ச்சல். மாமி துளசியும் பனிக்கூர்க்கா (கற்பூரவல்லி) இலையும் வாட்டிப் பிழிந்து, கொஞ்சம் கருப்பட்டி கலந்து ஒரு சிறு கரண்டி கொடுத்தார். பிள்ளை உறங்கினான்.

நாலாம் நாள் சாயங்காலம் இருமல் குறைந்துவிட்டது. "கேட்டியா மக்ளே, சத்தமே இல்ல, குறைஞ்சிட்டு" என்று மாமி சொன்னதும் எனக்கும் நிம்மதி. ஆனால் ராத்திரி பால் குடிக்க வாய் வைத்தவன் உடனே விட்டுவிட்டான். இரண்டு முறை இப்படி. தடுப்பூசி போடப் போனபோது எங்கள் கிராம சுகாதார நர்ஸ் அக்கா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டையைத் தூக்கி, போனில் ஒரு நிமிஷம் வைத்து மூச்சை எண்ணினேன். 54. திரும்ப எண்ணினேன், 56. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

மழையோடு ஆட்டோ பிடித்து ஓடினோம். நிமோனியா என்றார்கள். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இருமக்கூடத் தெம்பில்லாமல்தான் சத்தம் குறைந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மாமி அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் கொடுத்த சாற்றால் வந்த கேடு இல்லை இது. நாங்கள் இருமலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம், மூச்சைப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலே வேக மூச்சு. அதோடு நெஞ்சுக் குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108.

குளச்சல், ஒரு அப்பா:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லணும் என்று தோன்றியது. நான் கடலுக்குப் போயிருந்த நேரம். பத்து கிலோ எடையுள்ள மகளுக்குக் காய்ச்சல். எப்போதும் பாரசிட்டமால் சிரப் 5 மில்லி கொடுப்போம். அன்று கடையில் கிடைத்தது சொட்டு மருந்து. வீட்டில் அதையும் அதே 5 மில்லி ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100. அப்படியென்றால் பிள்ளைக்கு 500 மில்லிகிராம் போயிருக்கிறது! கிலோவுக்கு 15 என்று பார்த்தால் ஒரு வேளைக்கு 150தான் உச்சம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்த்து, ஒரு நாள் வைத்திருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. இப்போது அலமாரிக் கதவில் மகளின் எடையையும் அளவையும் மில்லிகிராமில் எழுதி ஒட்டியிருக்கிறோம். 250 என்று போட்ட சிரப்பும் கடையில் உண்டு, பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

மார்த்தாண்டம், பேரன் பேத்தி எடுத்தவள்:

என் நாலு மக்களுக்கும் குளிப்பாட்டும்போது மூக்கில் தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் வளர்த்தேன். பேரனுக்கும் விடப் போனபோது மருமகள் தடுத்தாள். எனக்கு வருத்தம்தான். அப்புறம் டாக்டரிடம் நானே கேட்டேன். எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும் என்றார். அன்றோடு விட்டேன். மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புத் தண்ணீர்ச் சொட்டு, பால் கொடுக்கும் முன் இரண்டு சொட்டு. அது போதும், பிள்ளை நன்றாகக் குடிக்கிறது.

எங்கள் ஊர் தேன் ஊருக்கே பேர்போனது. ஆனாலும் ஒரு வயது ஆகும்வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கிற ஒரு கிருமி விதை பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளர்த்திவிடுமாம். ஒரு வயது தாண்டியவளுக்கு உறங்கும் முன் அரைக் கரண்டி கொடுப்பேன், ராத்திரி இருமல் அடங்கும். பெரியவனுக்கு சுக்கும் கொஞ்சம் நல்லமிளகும் தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி, ஆறவைத்து. தடுமல் என்று மட்டி வாழைப்பழத்தை நிறுத்துவதும் கிடையாது. பசிக்கிற பிள்ளை சாப்பிடட்டும்.

நாகர்கோவில், ஒரு அம்மா:

2025 அக்டோபரில் இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து வீட்டில் இருந்த பாட்டில்களை எல்லாம் கொட்டிவிட்டேன். அந்த மருந்து நம்ம மாநிலத்தில் தயாரானது என்பது இன்னும் மனதைக் குத்துகிறது. இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரையும் பொதுவாக வேண்டாம் என்று அப்போது மத்திய சுகாதாரத் துறை அறிவித்தது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதையும் நிறுத்தினேன். கற்பூரம் உள்ளே போனால் பிள்ளைக்கு வலிப்பு வரும்.

குலசேகரம் அக்கா, ஒரு சந்தேகம். என் மகள் சட்டையைத் தூக்கினாலே அழுகிறாள். அழும்போது எண்ணினால் சரியாக வருமா?

குலசேகரம் பக்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

வராது மோளே. அழும்போதும் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதும் மூச்சு கூடத்தான் செய்யும். உறங்கும்போது எண்ணிப் பாருங்கள். மடியில் போட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, முழு ஒரு நிமிஷம். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. நல்லா இருக்கும்போதே இரண்டு மூன்று தடவை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். என் இளையவனுக்கு இப்போது உறக்கத்தில் 26.