மறு: கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபயரைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நம் கலைச்சொல் குழுவில் மூன்று நாளாக மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. பொருளை மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் நான் வாய் திறக்கவில்லை. பார்த்தாயிற்று. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையைத் தொடங்கிய தம்பி கேட்டது இது:

> வீட்டு ஸ்டீரியோவுக்குப் புதிதாக, காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் உள்ள ஒரு கிளாஸ்-டி ஆம்ப் வாங்கப்போகிறேன். கட்டுரையில் 'திண்மநிலைப் பெருக்கி' என்று எழுதலாமா?

எழுதலாம், தப்பில்லை. ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் 'காவிரிக்கரை' என்று சொல்வது மாதிரி இருக்கும். திண்மநிலை என்ற பெயர் வால்வுக்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்தது. வெற்றிடக் குழாய்க்குள் பறந்த எலெக்ட்ரானைப் படிகத்துக்குள் ஓடவிட்டார்கள், அதனால் அந்தப் பெயர். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் முப்பது வருடமாகக் கிடக்கும் அசெம்பிள் செட்டும் திண்மநிலைதான். தகரப் பெட்டி, பின்னால் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினிய ஹீட் சிங்க், அதன்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல நான்கு 2என்3055 டிரான்சிஸ்டர். ஒரு மணி நேரம் சத்தமாக வைத்தால் தொட்ட கை சுருக்கென்று பின்வாங்கும். இந்தப் பெட்டிக்கும் தம்பி வாங்கப்போகும் உள்ளங்கை அகலப் போர்டுக்கும் ஒரே பெயர் என்றால் அந்தப் பெயர் எதற்கு?

அப்புறம், நம் மக்களுக்குத் திண்மநிலை என்ற சொல் ஒருநாளும் தேவைப்படவில்லை. 'வால்வு செட்' என்றார்கள், 'டிரான்சிஸ்டர்' என்றார்கள், வேலை முடிந்தது. என் அம்மாவுக்கு இன்றைக்கும் டிரான்சிஸ்டர் என்றால் திருச்சி வானொலி கேட்கும் பெட்டிதான். உள்ளே இருக்கும் மூன்று கால் பொருளை அவர் பார்த்ததே இல்லை.

அடுத்தது, அக்கா ஒருவர் முன்வைத்த 'எண்ணிமப் பெருக்கி', அதாவது டிஜிட்டல் பெருக்கி. இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளாஸ்-டி என்பதில் உள்ள டி, டிஜிட்டல் அல்ல. ஏ, பி, சி என்று மூன்று வகை ஏற்கெனவே இருந்தன, நான்காவதற்கு அடுத்த எழுத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். விளம்பரக்காரர்கள் அதை டிஜிட்டல் ஆக்கிவிட்டார்கள். உள்ளே நடப்பது எண் கணக்கு இல்லை. துடிப்பின் அகலம் பாட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிறது, பாடப்புத்தக மொழியில் துடிப்பு அகலப் பண்பேற்றம். அகலம் எந்த அளவிலும் இருக்கலாம் என்னும்போது அது எப்படி எண்ணிமம் ஆகும்?

அதேபோல 'நான்காம் வகுப்புப் பெருக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ரயில் டிக்கெட் ஞாபகம் வந்தது. கடந்துபோவோம்.

சரி, அந்தப் பொருள் என்னதான் செய்கிறது? குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய வகையில், அதாவது ஏபி வகையில், டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய். பாட்டு ஏற இறங்கத் திருகிக்கொண்டே இருக்கிறது. பாதி திறந்த நிலையில் அதன்மேல் மின்னழுத்தமும் நிற்கிறது, அதன் வழியே மின்னோட்டமும் ஓடுகிறது. இரண்டின் பெருக்கற்பலன்தான் ஹீட் சிங்கில் நாம் தொட்டுப் பார்க்கும் சூடு. பி வகை எட்டக்கூடிய உச்ச வினைத்திறனே கணக்குப்படி 78.5 விழுக்காடுதான், ஏபி அதைத் தாண்டாது. வீட்டில் மெதுவாகக் கேட்கும்போது அதில் பாதிகூடத் தேறாது.

புதிய வகையில் பாதி திறப்பு என்பதே கிடையாது. முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல், இரண்டே நிலை. திறந்திருக்கும்போது மின்னோட்டம் உண்டு, அழுத்தம் ஏறக்குறைய இல்லை. மூடியிருக்கும்போது அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. எப்போது பார்த்தாலும் பெருக்கற்பலன் சுழிக்குப் பக்கத்தில். இதை விநாடிக்குச் சில லட்சம் முறை செய்துவிட்டு, கடைசியில் ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் வைத்து அந்தப் படபடப்பை வடிகட்டினால் பாட்டு மட்டும் மிஞ்சுகிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் வடிகட்டிக்கு வேலை எளிது.

முழுக்கத் திறந்து முழுக்க மூடுவது, அதுவும் கணப்பொழுதில். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே! இமைத்தல்.

ஆகவே என் பரிந்துரை: இமைப்பெருக்கி.

'சொடுக்குப் பெருக்கி' என்று இழையில் ஐயா ஒருவர் சொன்னதும் நல்ல சொல்தான். மாத்திரைக்குப் பழைய இலக்கணம் சொன்ன அளவே கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான், எனவே இரண்டும் அக்கா தங்கை. ஆனால் 'சொடுக்கு' கணினிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டது. 'இங்கே சொடுக்கவும்' பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சொடுக்குப் பெருக்கி ஏதோ மவுஸ் சம்பந்தப்பட்டதாகத் தெரியும். மேலும் சொடுக்குக்கு ஓசை மட்டும்தான் உண்டு, திறப்பும் மூடலும் இல்லை.

எழுதும்போது ப் கட்டாயம். ஒலிபெருக்கியில் ஒற்று மிகாது, ஏனென்றால் அது ஒலியைப் பெருக்குவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை. இது இமையைப் பெருக்குவதல்ல, இமைப்பால் பெருக்குவது. ப் விட்டுப்போனால் கண்மை விற்கும் கடைப் பொருளாகிவிடும்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அதற்குக் கிளை விடுமா என்று பார்ப்பது. இமைப்பு வீதம், விநாடிக்கு எத்தனை முறை. இமைப்பிழப்பு, திறப்புக்கும் மூடலுக்கும் நடுவே கசியும் சூடு. கணினிக்கு மின்சாரம் தரும், நாம் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லும் பெட்டியும் இதே வித்தைதான், அது இமைப்பு மின்வழங்கி. எதுவும் வாயில் இடறவில்லை.

இப்போது காலியம் நைட்ரைடுக்கு வருகிறேன். (காலியம் என்றதும் காலிப் பெட்டி நினைவுக்கு வருவது என் மனக்கோளாறு.) இமைப்பெருக்கி எண்ணம் புதிதல்ல. 1964-லேயே இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் என்பவர் எக்ஸ்-10 என்ற ஆம்ப் கிட்டை விற்றார். விளம்பரத்தில் 10 வாட், கிடைத்தது அதில் கால் பங்கு. எண்ணம் சரி, டிரான்சிஸ்டருக்கு அவ்வளவு வேகமாக இமைக்கத் தெரியவில்லை. சிலிக்கான் மாஸ்ஃபெட் என்ற வேகமான டிரான்சிஸ்டர் வகை வந்தபின் அது ஓரளவு தீர்ந்தது. சிலிக்கானுக்குப் பதில் வரும் குறைகடத்தியான காலியம் நைட்ரைடு இன்னும் வேகம், தவிர ஒரு முக்கியமான வசதியும் உண்டு. சிலிக்கான் மாஸ்ஃபெட்டுக்குள் பிறவியிலேயே ஒரு டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூடு என்று சொன்னபிறகும் உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும்வரை அது மூடாது. காலியம் நைட்ரைடில் அந்தத் தேக்கம் இல்லை. நீல எல்ஈடிக்காக 2014-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த அதே பொருள்தான், நம் போன் சார்ஜரைச் சின்னதாக்கியதும் அதுதான். அதே 2014-இல் டெக்னிக்ஸ் என்ற ஆடியோ நிறுவனம் தன் எஸ்இ-ஆர்1 ஆம்ப்பில் அதைச் சேர்த்தது.

இங்கேதான் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர், மாறி மாறித் திறக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மின்வழங்கி நேராகத் தரைக்கு ஓடும், புகைதான். அதனால் ஒன்று மூடியபின் மற்றது திறக்குமுன் அளந்து ஓர் இடைவெளி விடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதை டெட் டைம் என்கிறார்கள், அதைப் பார்த்து இங்கே 'இறந்த நேரம்', 'மடிந்த காலம்' என்று இரண்டு மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது. கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். மிருதங்கக்காரரைக் கேளுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே கணக்குப் பார்த்து விடும் வெற்றிடத்துக்கு அவர் கார்வை என்பார். தற்செயலாக விட்டதல்ல, அளந்து விட்டது. கூடினாலும் தாளம் கெடும், குறைந்தாலும் கெடும். இங்கும் அதே கதை: கார்வை கூடினால் ஒலியில் திரிபு, குறைந்தால் புகை. சிலிக்கானில் பத்துக்கணக்கான நானோநொடி விட வேண்டியிருப்பதைக் காலியம் நைட்ரைடில் சில நானோநொடிக்கு இறக்கலாம். புதுத் தொழில்நுட்பத்தின் சாரமே இந்தக் கார்வைச் சுருக்கம்தான்.

கேட்டுப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் நிறைய. முதலில் வாங்கிய போர்டு இரண்டாம் நாளே ஒரு பக்கம் ஊமையானது, விற்றவர் பதில் போடவில்லை. இரண்டாவது வேறு இடத்தில் வாங்கியது. அதே ஸ்பீக்கர், 8 ஓம். 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு இரண்டு ஆம்ப்பின் அளவையும் மல்ட்டிமீட்டரில் சமமாக்கினேன். இது முக்கியம், இரண்டில் எது துளி சத்தமாக இருக்கிறதோ அதுதான் காதுக்கு 'நன்றாக' இருக்கும். பிறகு மகனை விட்டு எனக்குத் தெரியாமல் ஒயரை மாற்றச் சொல்லி, தவிலும் நாகஸ்வரமும் உள்ள ஒரே துண்டைப் பத்து முறை கேட்டேன். ஆறு முறை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் ஐந்து வந்திருக்கும். ஆக, ஓசை வானத்துக்கும் பூமிக்கும் மாறிவிட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ராத்திரி பாட்டு நின்றபின் ஸ்பீக்கரில் காதை வைத்தால் பழையதில் 'உம்ம்' என்று கேட்கும், புதியதில் அது இல்லை. பெட்டி இரண்டு மணி நேரம் கழித்தும் பித்தளைச் சொம்பு மாதிரி குளிர்ந்து கிடக்கிறது. இவ்வளவுதான் என் சாட்சியம்.

குழுவின் கருத்தை எதிர்பார்க்கிறேன். 1948-இல் அமெரிக்காவில், டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டருக்கே பெயர்ப் பட்டியல் சுற்றுக்கு விட்டு, வாக்கெடுத்துத்தான் வைத்தார்கள். அங்கே வேலை பார்த்த ஜான் பியர்ஸ் சொன்ன பெயர் வென்றது. பட்டியலில் 'அயோட்டட்ரான்' என்றும் ஒன்று இருந்தது. அது வென்றிருந்தால் அம்மா திருச்சி வானொலியை எதில் கேட்டிருப்பார்?

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து

---

மறு: மறு: கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழில் என்ன பெயர்?

அண்ணைக்கு வணக்கம்.

கார்வைக்கு என் முழுச் சம்மதம். அதைப்பற்றி இனி ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை.

இமைப்பெருக்கியில்தான் எனக்கு இரண்டு மனத்தடை. ஒன்று, எங்கள் பாடப்புத்தகத்தில் சுவிட்சுக்கு 'ஆளி' என்று படித்தோம். நான்கு தலைமுறை மாணவர் படித்த சொல் இருக்க இமைக்கு ஏன் போக வேண்டும்? ஆளிப்பெருக்கி என்றால் போதாதா? இரண்டு, கண் இமைப்பது எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. இந்தக் கருவியிலோ திறந்திருக்கும் நேரத்தின் நீளத்தில்தான் பாட்டே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இமைப்பு அதைச் சொல்லவில்லையே.

பெருக்கி பற்றியும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் நாங்கள் அம்ப்ளிபயரை 'விரியலாக்கி' என்று படித்தோம். ஒலிபெருக்கி என்றால் கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டும் லவுட் ஸ்பீக்கர்தான். உங்கள் ஊரிலும் பொலிஸ் தடை போடுவது 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி'க்குத்தானே? நீங்கள் ஸ்பீக்கருக்கும் பெருக்கி, அதை ஓட்டும் பெட்டிக்கும் பெருக்கி என்று வைத்தால் கடைக்காரன் எதை எடுத்துத் தருவான்?

இன்னொன்று, இந்த வகை விரியலாக்கி பக்கத்தில் இருக்கும் ரேடியோவைக் குழப்பும் என்று கேள்வி. உண்மையோ?

யாழ்ப்பாணத்திலிருந்து

---

மறு: மறு: மறு: கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயருக்குத் தமிழில் என்ன பெயர்?

தம்பி,

ஒலிபெருக்கிக் குழப்பம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். லவுட் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை, பெட்டி பெருக்கித் தந்ததை ஒலியாக்குகிறது, அவ்வளவே. தப்பான ஆளுக்குப் பட்டம் கொடுத்துவிட்டோம், இனி திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் என் சொல்லில் 'ஒலி'யை வேண்டுமென்றே விட்டேன். விரியலாக்கி அழகான சொல், குழப்பமும் இல்லை. ஆனால் இமைவிரியலாக்கி என்று சொல்வதற்குள் பாட்டு முடிந்துவிடும். அகராதிப் பதிவில் விரியலாக்கியை இணைச்சொல்லாகக் கண்டிப்பாகச் சேர்ப்போம்.

ஆளியை இங்கே சிங்கத்தின் உறவு என்றுதான் அறிவோம், கோயில் தூணில் நிற்கும். பள்ளியில் நாங்கள் படித்தது 'சாவி'. சாவிப்பெருக்கி என்றால் பூட்டுக்கடை. அளவு மாறுவது பற்றிய உங்கள் ஆட்சேபம்தான் கனமானது. என் பதில் இது: இமை மூடியிருக்கும் நேரம் ஒரே அளவாக இருக்கலாம், திறந்திருக்கும் நேரம் அப்படி இல்லை. தூக்கம் வரும்போதும் ஆச்சரியப்படும்போதும் ஒரே மாதிரியா விழித்திருக்கிறோம்? முழு விடை இல்லைதான். துடிப்பின் அகலத்தைப் பெயர் சுமக்காவிட்டாலும் விளக்கம் சுமக்கட்டும்.

பதிவுக்கான வரைவு:

*இமைப்பெருக்கி (பெயர்ச்சொல்): வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை முழுத் திறப்பு, முழு மூடல் ஆகிய இரு நிலைகளில் மட்டும் மிக விரைவாக மாற்றி, திறப்பு நேரத்தின் நீளத்தால் குறிப்பலையைச் சுமந்து, பின் வடிகட்டி மீட்கும் பெருக்கி. கிளாஸ்-டி வகை. இணை: இமைப்பு விரியலாக்கி. ஒப்பு நோக்குக: கார்வை.*

ரேடியோ பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான். இமைப்பு வீதமும் அதன் மடங்குகளும் மத்திய அலைக்குப் பக்கத்திலும் உள்ளேயும் விழுகின்றன, ஸ்பீக்கர் ஒயரே ஆன்டெனா ஆகிவிடுகிறது. போர்டை இன்னும் உலோகப் பெட்டிக்குள் போடவில்லை, மேசைமேல் திறந்தே கிடக்கிறது. நேற்று காலை அம்மா டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தார். 936 கிலோஹெர்ட்ஸில் ஒரே கரகரப்பு. "உன் பொட்டி பக்கத்துல வந்தாலே திருச்சிக்காரருக்குத் தொண்டை கட்டிக்குது" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கே திரும்பிப் போய்விட்டார்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து