பைத்தான்: பொழுதோட எடுத்த பட லிங்க் ராத்திரிக்குள்ள செத்துப்போகுதுங்க

பவர்டேபிள்7:
வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். புரோகிராமர் இல்லீங்க, யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்ட பைத்தான்தான். பையரோட போர்ட்டல்ல ஸ்டைலுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பிரிண்ட் ஆர்ட்வொர்க். இந்த சீசனுக்கு 214 ஸ்டைல். ஒவ்வொண்ணா சேவ் பண்ணி பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பறதுதான் இத்தனை நாளா என் தலையெழுத்து.

நேத்து பொழுதோட 7 மணிக்கு உக்காந்து, ரைட் கிளிக் பண்ணிப் பண்ணி, எல்லாப் பட லிங்க்கையும் எக்செல்ல ஒட்டுனேன். 9 ஆயிருச்சு. முதல் நாலு லிங்க்கை மட்டும் எடுத்த கையோடயே ரிக்வெஸ்ட்ஸ்ல (இணையத்துல இருந்து இறக்கறதுக்கான பைத்தான் லைப்ரரி) ஓட்டிப் பார்த்தப்ப ஜம்முனு இறங்குச்சு. சாப்பிட்டுட்டு 10 மணிக்கு மொத்தத்தையும் ஓட விட்டுத் தூங்கிட்டேன். காத்தால 214 ஜேபெக் ஃபைல் இருந்துச்சு. எண்ணிக்கை சரியா இருக்கேன்னு ஜிப் பண்ணி அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல யூனிட்ல இருந்து போன்: "ஏனுங்க, ஒண்ணுமே தெறக்க மாட்டேங்குது, ஸ்கிரீன் போடற பசங்க சும்மா உக்காந்திருக்காங்க." பார்த்தா ஒவ்வொரு ஃபைலும் ஒரு கேபிகூட இல்ல.

அதே பக்கத்தை இப்பத் திறந்தா லிங்க் வேற மாதிரி இருக்கு. கேள்விக்குறி வரைக்கும் அதேதான், அதுக்குப் பின்னால வர்ற நீட்டு வாலுதான் மாறுது. வாலை வெட்டிட்டுப் போட்டாலும் 403, அனுமதி இல்லைங்கற எர்ரர்தான். என்னங்க பண்றது?

மஞ்சள்மாநகர்:
செலீனியம் (பிரவுசரைத் தானா இயக்கற டூல்) போட்டு பிரவுசரையே ஓட்டுங்க. ஈரோட்டுல நாங்க எல்லாத்துக்கும் அதான்.

வடவள்ளிக்கா:
214 படத்துக்கு குரோமைத் திறந்து மூடிக்கிட்டு இருக்க வேண்டாம் தம்பி. திறக்காத ஜேபெக் ஒண்ணை நோட்பேட்ல இழுத்துப் போட்டு என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. அப்படியே அந்த வால்ல 'எக்ஸ்பயர்ஸ்'னு முடியற இடத்துக்குப் பக்கத்துல என்ன நம்பர்?

பவர்டேபிள்7:
அக்கா, < குறியில ஆரம்பிக்குது. 'அக்சஸ் டினைட்', அப்பறம் 'ரிக்வெஸ்ட் ஹேஸ் எக்ஸ்பயர்டு'ன்னு இருக்கு. நம்பர் 900. இன்னொரு சந்தேகம்: வால்ல நேரம் 133412னு இருக்கு. நான் எடுத்தது ராத்திரி 7 மணிங்க, அது மத்தியானம் ஒண்ணரைங்குது. சர்வர் கடிகாரம் தப்புங்களா?

வடவள்ளிக்கா:
கடிகாரம் சரிதான், அது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5:30 கூட்டுங்க, 7:04 வரும். 900-ங்கறது நொடிக் கணக்கு. 7:19-க்கு அந்த லிங்க் முடிஞ்சுது. நீங்க ஓட்டுனது 10 மணிக்கு.

அமேசானோட ஃபைல் சேமிப்பு சர்வீஸான எஸ்3-ல வெச்சிருக்கற படத்துக்கு இப்படிக் கையெழுத்துப் போட்ட லிங்க் தருவாங்க. உங்க கம்பெனி கேட் பாஸ் மாதிரிதான். நேத்தைய பாஸைக் காட்டுனா வாட்ச்மேன் வண்டியை விடமாட்டார், சீல் இருக்கற பாதியைக் கிழிச்சுட்டு நீட்டுனாலும் விடமாட்டார். வாலை வெட்டுனா 403 வர்றது அதனாலதான். அந்தக் கையெழுத்துல அதிகபட்சமே 7 நாள்தான் குடுக்க முடியும், உங்க பையர் கால் மணி நேரம் போதும்னு வெச்சிருக்கார்.

அதனால எக்செல்ல லிங்க்கே வேண்டாம். ஸ்டைல் நம்பர் மட்டும் இருக்கட்டும், பக்கத்தோட அட்ரஸ் அதுலதானே முடியும்? லூப்புக்குள்ள ஒரு பக்கத்தை எடுங்க, பட லிங்க்கைப் பிரிங்க, அந்தக் கையோட படத்தை இறக்குங்க, அப்பறம் அடுத்த ஸ்டைல். 214 பக்கத்தையும் முதல்ல சேர்த்து வெச்சுக்கிட்டுப் படத்துக்கு வந்தீங்கன்னா மறுபடி இதே பாடுதான்.

ஃபைல்ல எழுதறதுக்கு முந்தி 'ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ்' கூப்பிடுங்க, பதில் எர்ரரா இருந்தா அது அங்கயே நிறுத்திரும். ரிக்வெஸ்ட்ஸ் 403-க்கெல்லாம் தானாக் கத்தாது, வந்த பதிலை நீங்க ஜேபெக்னு பேர் வெச்சு எழுதிட்டீங்க. டைம்அவுட்டும் (எத்தனை நொடி காத்திருக்கணும்ங்கற கணக்கு) நீங்கதான் குடுக்கணும், இல்லீன்னா ஒரு படத்துல தொங்கி நின்னுக்கும்.

மஞ்சள்மாநகர்:
இதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். போர்ட்டல்ல லாகின் ஆகறதுக்காக, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டோடயும் தானாப் போற செஷன் ஹெடர்ல 'ஆத்தரைசேஷன்' டோக்கன் ஏத்தி வெச்சிருந்தா அதே செஷன்ல படத்தைக் கேட்காதீங்க. எஸ்3 டோக்கன், லிங்க் கையெழுத்து ரெண்டையும் பார்த்துக் குழம்பி 400 எர்ரர் குடுக்கும். எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பூரா போச்சுங்க. குக்கின்னா தொந்தரவில்ல, அது அந்தந்த டொமைனுக்குத்தான் போகும்.

பவர்டேபிள்7:
குக்கிதானுங்க. அக்கா சொன்ன மாதிரியே மாத்தி எழுதுனேன். இப்ப முதல் ஸ்டைல்லயே எர்ரர்! லிங்க்கை பிரிண்ட் பண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகாத லிங்க்குங்க. பக்கத்துல இருந்து ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வெச்சுத் தேடறது) போட்டு எடுத்தேன், அது சரியாத்தான் வந்திருக்கு.

வடவள்ளிக்கா:
சரியா வந்திருக்காது. பிரிண்ட் பண்ணுனதை நல்லாப் பாருங்க, ஒவ்வொரு & குறிக்குப் பின்னாலயும் ஏ, எம், பி, அப்பறம் ஒரு அரைப்புள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கும். பக்கத்தை எழுதியிருக்கற எச்டிஎம்எல்-ல & குறியை அப்படித்தான் எழுதுவாங்க. பிரவுசர் அதைப் பிரிச்சுப் படிச்சுக்கும், நேத்து நீங்க ரைட் கிளிக்ல எடுத்தது நல்லபடியா ஓடுனதுக்குக் காரணம் அதான். ரெகெக்ஸ் உள்ளதை உள்ளபடி எடுத்துக் குடுத்துரும், அந்த வாலை எஸ்3-ஆல சரியாப் படிக்க முடியாது. பியூட்டிஃபுல் சூப்ல (எச்டிஎம்எல்-ஐப் பிரிச்சுப் படிக்கற பைத்தான் லைப்ரரி) இமேஜ் டேக்கைத் தேடி, பட லிங்க் இருக்கற எஸ்ஆர்சி-யைக் கேளுங்க, அதுவே பிரிச்சுக் குடுத்துரும். அங்க வெறும் சாம்பல் கட்டம் வந்தா 'டேட்டா-எஸ்ஆர்சி'ல பாருங்க.

பவர்டேபிள்7:
அக்கா, அந்த ஏஎம்பி-யேதானுங்க! இத்தனை நேரமா இதைத்தான் முறைச்சுப் பார்த்துட்டு இருந்திருக்கேன்.

214-ல 211 இறங்கிருச்சு. மீதி மூணு ஸ்டைலுக்கு பையரே இன்னும் ஆர்ட்வொர்க் ஏத்தலை, மெயில் போட்டிருக்கேன். படத்துக்குப் படம் ரெண்டு நொடி நிறுத்தித்தான் ஓட்டுனேன், கால் மணி நேரம்கூட ஆகலை. லிங்க்ல எல்லாப் படத்துக்கும் 'ஃப்ரண்ட்'னு ஒரே பேருங்கறதால ஸ்டைல் நம்பரையே ஃபைல் பேராப் போட்டேன், இல்லாட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கடைசிப் படம் மட்டும்தான் நின்னிருக்கும்.

யூனிட்டுக்கு ஜிப் போயிருச்சு. இந்த வாட்டி பத்துப் படத்தைத் திறந்து பார்த்துட்டுத்தான் அனுப்புனேனுங்க.