பெரிய விமான நிலையத்தில் சின்ன விமானம் நின்றுபோனால்

போன அக்டோபரில் நண்பரின் மகள் அரங்கேற்றத்துக்கு டெக்சஸிலிருந்து குடும்பத்தோடு கிளம்பினோம். நானும் இன்னொருவரும் பாதிப் பாதியாக வைத்திருக்கும் 1976 மாடல் செஸ்னா 172, நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். மண்டபம் அந்த நகரத்தின் பெரிய விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அங்கேயே இறங்கினேன். முன்னும் பின்னும் போயிங்குகள் வர, நடுவில் நாம் இறங்குவது தனிச் சந்தோஷம். பின் சீட்டில் இருந்த மகளுக்கு அதைவிட.

ஞாயிறு மதியம் திரும்பும்போதுதான் சிக்கல். ஓடுபாதைக்குப் போகும் முன் எஞ்சினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறி தரும் இரண்டு மேக்னட்டோக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்றில் 75 சுற்று குறைந்தது, சரி. அடுத்ததற்குச் சாவியைத் திருப்பினால் 300 விழுந்தது, விமானமே குலுங்கியது. எங்கள் கையேட்டில் 125-க்கு மேல் குறையக் கூடாது. நாம் போடும் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது, அது பிளக்கில் படிந்தால் இப்படி ஆகும். கலவையில் பெட்ரோலைக் குறைத்து, கொஞ்ச நேரம் வேகமாக ஓட்டினால் பல தடவை எரிந்து போய்விடும். இரண்டு முறை செய்து பார்த்தேன். போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மேக்னட்டோ இரண்டு இருக்கிறதே, ஒன்றை வைத்துப் போய்விடலாமே என்று ஒருவர் போனில் சொன்னார். இரண்டு வைத்திருப்பது, பறக்கும்போது ஒன்று போனால் பத்திரமாக இறங்குவதற்கு. ஒன்று போனது தெரிந்தே கிளம்புவதற்கு இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது என்ற நினைப்பு அந்த நேரத்தில் மனதை எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தனியார் விமானங்களைக் கவனிக்கும் எஃப்.பி.ஓ.வுக்குப் போனேன். தோல் சோபா, காபி, சூடான பிஸ்கட், எல்லாம் இருந்தது. பக்கத்து ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) மூன்று ஜெட் நின்றது, மெக்கானிக்குகளும் இருந்தார்கள். "பிஸ்டன் எஞ்சினை நாங்கள் தொடுவதில்லை" என்றார்கள். கார் எஞ்சின் மாதிரியான நம் எஞ்சினைத்தான் சொன்னார்கள். பிளக் கையிருப்பில் இல்லை, காப்பீடும் இடம் கொடுக்காது. சரி, வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடலாமா என்றால், விமான நிலைய நிர்வாகம் கேட்கும் காப்பீடும் உள்ளே வரும் அனுமதியும் அவருக்கு இருக்க வேண்டும். நிறுத்தக் கட்டணம் மட்டும் ராத்திரிக்கு ராத்திரி ஏறும்.

அப்போது கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர்கள் கணக்கு புரிகிறது. ஒரு ஜெட் வந்தால் நூற்றுக்கணக்கான காலன் எரிபொருள் போகும். நான் போட்டது 22 காலன். அவர்களுடைய மெக்கானிக்குகள் ஜெட்டின் டர்பைன் எஞ்சின் படித்தவர்கள், நம் எஞ்சினைத் திறந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் பழுதாகி நிற்பவனுக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற ஒரு தகவலையாவது கவுண்டரில் சொல்லியிருக்கலாம். அது இன்னும் எனக்கு வருத்தம்.

அந்தத் தகவலைத் தந்தது, பெட்ரோல் போடும் பையன். இருபது வயதுகூட இருக்காது. என் ரசீதின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்து, "இவரைக் கேளுங்கள், இங்கே நிற்கும் பழைய போனான்சாக்களை இவர்தான் பார்க்கிறார்" என்றான். போனான்சாவும் நம்மைப் போல பிஸ்டன் எஞ்சின் வைத்த சின்ன விமானம்தான். அதாவது அவருக்கு அனுமதியும் காப்பீடும் ஏற்கெனவே உண்டு. இருபது மைல் தள்ளி ஒரு சின்ன விமானத் தளத்தில் கடை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிக்கப்பில் வந்து இறங்கினார். எழுபது வயது இருக்கும். பழுதான மேக்னட்டோவில் மட்டும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தச் சொன்னார். மூடியைத் திறந்து, நான்கு புகைபோக்கிக் குழாய்களையும் வெப்பமானியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று கொதித்தன, ஒன்று ஆறிக் கிடந்தது. அந்த சிலிண்டரின் கீழ்ப் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். இரண்டு முனைகளுக்கும் நடுவில் கடுகளவு சாம்பல் நிற உருண்டை, ஈயம். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஊசியால் குத்தி எடுத்து என் மகள் உள்ளங்கையில் வைக்கப் போனவர், "இது ஈயம்மா, தொடக் கூடாது" என்று துணியில் வைத்துக் காட்டினார். பிளக்கின் மின்தடையை அளந்தால் 5,000 ஓம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. புதிது போட்டார், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். மறு சோதனையில் 60 சுற்றுதான் குறைந்தது.

இப்போது எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் பக்கத்துச் சின்ன நிலையத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். அட்லாண்டா என்றால் டீகாப் பீச்ட்ரீ, டென்வர் என்றால் சென்டெனியல், டல்லாஸ் என்றால் அடிசன், ஹூஸ்டன் என்றால் ஹூக்ஸ். பெரியதில்தான் இறங்க வேண்டும் என்றால் முதல் நாளே போன் செய்து, "பிஸ்டன் வேலை செய்ய உள்ளே வர அனுமதி உள்ளவர் யார்?" என்று கேட்டுவிடுங்கள். "மெக்கானிக் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

*

அண்ணா, உங்களுக்குப் பிளக், எனக்கு டயர். பெரிய நிலையத்தில் இறங்கி ஓடும்போதே இடது சக்கரம் காற்று போய், ஓடுபாதை நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பயணிகள் விமானம் மறுபடி மேலே போனதைப் பார்த்தபோது கை நடுங்கியது. நிலைய ஊழியர்கள் சக்கரத்துக்கு அடியில் தட்டுவண்டி கொடுத்து இழுத்துப் போனார்கள், ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஆனால் 6.00-6 அளவு டியூப் அங்கே ஒருவரிடமும் இல்லை. பயிற்சிப் பள்ளிகளில் அது குவிந்து கிடக்கும். ஒரு பள்ளிக்காரர் காரில் கொண்டுவந்து கொடுத்தார்.

*

எங்களுக்கு வருடாந்திரச் சோதனையின் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மழையால் மாட்டிக்கொண்டோம். இதற்கு அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்தில் சிறப்புப் பறப்பு அனுமதி கேட்கலாம். மெக்கானிக் பார்த்து, இந்த ஒரு பயணத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதித் தர வேண்டும். பயணிகளை ஏற்ற முடியாது. நான் ஓட்டிப் போக, வீட்டில் எல்லோரும் வாடகைக் காரில் வந்தார்கள்.

*

அண்ணா, பிளக்கை நாமே மாற்றலாமா?

*

மாற்றலாம் தம்பி. சொந்த விமானம், பைலட் உரிமம் இரண்டும் இருந்தால் எஃப்.ஏ.ஏ. விதிகளில் பகுதி 43-இன் ஏ இணைப்பில் சிறு பராமரிப்பு என்று சொல்லியிருக்கும் வேலைகளை நாமே செய்யலாம். பிளக், டயர், பேட்டரி எல்லாம் அதில் வரும். செய்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அன்று என்னிடம் கருவி இல்லை. இப்போது பின்னால் ஒரு பையில் 7/8 அங்குல பிளக் சாக்கெட், இரண்டு பிளக், புதிய செம்பு வாஷர்கள், ஒரு டியூப், டார்க் ரெஞ்ச் இருக்கிறது. என்னுடையது போல லைகமிங் எஞ்சின் என்றால் பிளக்கை 35 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். விமானம் நிறுத்தும் இடத்திலேயே வைத்துச் செய்ய நிலையத்தார் விடுவார்களா என்று கேட்டுக்கொள். முதல் தடவை உன் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.