ஓடி முடித்த நாய்க்கு ஒரு வீடு: கடலூர், புதுச்சேரிக்காரர்களின் அனுபவங்கள்

மஞ்சக்குப்பத்திலிருந்து:

பந்தயத்துக்கோ வேட்டைக்கோ வளர்த்து, அப்புறம் வேண்டாம் என்று விடப்பட்ட நாயை வீட்டுக்குக் கூட்டி வந்தவர்கள் நம் பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் அவசியம் எழுதுங்கள். முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கதை மெல்பர்னில் தொடங்குகிறது. 2018 கடைசியில் அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவோடு நானும் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் சோபா முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு நாய் மல்லாந்து தூங்குகிறது. எழுந்து நின்றபோது என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்தது. நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டி உள்ளே போயிருந்தது, விலா தெரிந்தது. அம்மா பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ஏன்டி, இதுக்குச் சோறு போடறதில்லையா?" என்றாள். "அதோட உடம்புவாகே அப்படித்தாம்மா, கடைசி ரெண்டு விலா லேசாத் தெரிஞ்சாத்தான் சரியான எடை" என்றாள் அக்கா.

அது பந்தயத்தில் ஓடிய கிரேஹவுண்ட். பந்தயத்தில் ஏதோ ஒரு பெரிய பெயர். வீட்டில் வைத்த பெயர் மணி. காதின் உள்பக்கம் எழுத்துகளைப் பச்சை குத்தியிருந்தார்கள், அதுதான் அதன் அடையாள அட்டை. அங்கே நாய்கள் வளைந்த ஓடுதளத்தில் இடதுபக்கமாகத் திரும்பி ஓடும். வளைவில் பாரமெல்லாம் வலது பின்னங்காலில் விழுவதால் அந்தக் கணுவில் எலும்பு முறிவது சகஜம் என்று மாமா சொன்னார். மணிக்கும் அங்கேதான் முறிந்தது. அத்தோடு அதன் ஓட்டம் முடிந்துவிட்டது. அப்போது அதற்கு மூன்று வயது.

எனக்கு மனதில் தைத்தது இந்தக் கணக்குதான். கிரேஹவுண்ட் பத்து வருஷத்துக்கு மேல், பன்னிரண்டு பதிமூன்று வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஓடுவதோ இரண்டு மூன்று வருஷம். மிச்ச வருஷங்களை அது எங்கே கழிக்கும்? விக்டோரியா மாநிலத்தில் இப்படி ஓய்வு பெற்ற நாய்களுக்கு வீடு தேடித் தரும் திட்டம் 1996 முதல் இருக்கிறது. மணியை அக்கா அப்படித்தான் எடுத்தாள். நான் அங்கே இருந்தபோதுதான், 2019 ஜனவரி 1 முதல், வீட்டில் வளரும் கிரேஹவுண்டுக்கு வெளியே வாய்க்கூடு போட வேண்டாம், கயிறு இருந்தால் போதும் என்று சட்டத்தை மாற்றினார்கள். சீனாவின் மக்காவ் நகரில் 2018இல் நாய்ப் பந்தய மைதானத்தை மூடியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் மிஞ்சி நின்றன. அவற்றுக்கு இத்தாலி, அமெரிக்கா என்று தேடித் தேடி வீடு பிடித்தார்கள். யாரோ முயற்சி எடுத்தால் நடக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். எனக்குப் புதுச்சேரியில் வேலை, தினமும் பைக்கில் போய் வருவேன். 2021இல் ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு டீக்கடை வாசலில் மணியின் தங்கை மாதிரி ஒரு நாய் நின்றது. மணல் நிறம், நீள மூஞ்சி, பெண் நாய், சிப்பிப்பாறை என்ற நம் நாட்டு இனம். கழுத்தில் கயிறு அறுத்த தடம், இடது முன்னங்கால் நொண்டல். கடைக்காரர், "பத்து நாளா நிக்குது தம்பி. ரேஸுக்கு வெச்சிருந்ததாம், கால் போச்சுன்னு வண்டியில கொண்டாந்து இறக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். பிரதமர் 2020 ஆகஸ்ட் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாட்டு நாய் இனங்களின் பெயர் சொன்ன பிறகு எங்கள் பக்கம் இந்தக் குட்டிகளை ஆசையாக வாங்கியவர்கள் பலர். வாங்கியதற்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

மூன்று நாள் பொறை போட்டேன். நான்காம் நாள் தயிர்சாதம். ஐந்தாம் நாள் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் இறக்கியதும் தலையை ஒரு உதறு உதறியது. கழுத்துப்பட்டை என் கையில், நாய் தெருமுனையில். ராத்திரி முழுக்க கெடிலம் பாலம் வரை தேடினேன். மறுநாள் காலையில் அதே டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. வேறெங்கே போகும், அங்கேதானே அதை இறக்கிவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "கழுத்தை விட மண்டை சின்னதுடா இதுங்களுக்கு. சாதாரணப் பட்டை நிக்காது. இழுத்தா கொஞ்சம் இறுகி, விட்டா தளர்ற மாதிரி வேணும்" என்று மணியின் பட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். திருப்பாதிரிப்புலியூரில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். நன்றாக உற்றுப் பார்த்தார். பழைய கித்தான் பையிலிருந்து இரண்டு விரல்கடை அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினார், இரு முனையிலும் இரும்பு வளையம் கோத்தார், இரண்டு வளையத்துக்குள்ளும் ஒரு சின்ன வார் ஓட்டினார். உள்பக்கம் தோல் உரசாமல் இருக்கப் பஞ்சுத்துணி வைத்துத் தைத்தார். நாற்பது ரூபாய் கேட்டார். இன்றைக்கும் சிட்டுவின் கழுத்தில் அதுதான் இருக்கிறது.

சிட்டு என்று என் மகள் பெயர் வைத்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

கொட்டகையிலேயே கட்டிப்போட்டு வளர்ந்த நாய்க்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. இதை நான் யாருக்கும் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. மின்விசிறி சுற்றினால் தரையோடு தரையாகப் பம்மியது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போனது. பீரோக் கண்ணாடியில் இன்னொரு நாயைப் பார்த்துவிட்டு ஒரு மணிநேரம் அங்கேயே நின்றது. டைல்ஸ் தரையில் கால் வழுக்கும் என்று பயந்து சுவரை ஒட்டியே நடந்தது. வழி நெடுகக் கோணிப்பை விரித்தோம். மாடிப்படியைப் பார்த்தால் நடுங்கியது.

மூன்றாவது வாரம் ஒரு சிக்கல். தூங்கிக்கொண்டிருந்த சிட்டுவை மகள் பின்னாலிருந்து கட்டிப்பிடிக்க, சிட்டு உறுமித் திரும்பியது. பல் படவில்லை, ஆனால் என் மனைவி பயந்துவிட்டாள். "கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள். அவள் மேல் தப்பில்லை. மறுபடி அக்கா. மணியும் முதலில் அப்படித்தான் செய்ததாம். தனிக்கூண்டில் படுத்து வளர்ந்த நாயை, தூக்கத்தில் யாரும் தொட்டதே இல்லை. சில நாய் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் செய்யும், விழித்திருக்கிறது என்று நாம் ஏமாந்துவிடுவோம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே விதி: படுத்திருந்தால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அது எழுந்து வந்தால்தான் கை வைக்க வேண்டும். அதன் படுக்கை மூலைக்கு யாரும் போகக் கூடாது. ஒரு மாதம் கழித்து, என்னைக் கேட்காமலே, மனைவி தன் பழைய சேலைகளை மடித்து அதற்கு மெத்தை தைத்தாள். தோல் மெல்லிசு, கொழுப்பு கிடையாது. வெறுந்தரையில் படுத்து முழங்கை புண்ணாகியிருந்ததை அவள்தான் முதலில் கவனித்தாள். மார்கழிப் பனிக்கு என் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிப் போட்டுவிட்டதும் அவள்தான்.

முயல் வேட்டைக்கு விடலாமே என்று கேட்கிறவர்களுக்கு: 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதும் 1960 சட்டப்படி குற்றம்தான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

என் அனுபவம் சந்தோஷமாக முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வேட்டைக்குப் பழக்கிய கன்னி நாய் ஒன்றைத் தெரிந்தவர் கொடுத்தார். தங்கமான குணம், பிள்ளைகளிடம் அவ்வளவு பொறுமை. ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கோழி. இந்த இனம் மோப்பத்தை விடக் கண்ணைத்தான் நம்பும்; ஏதாவது வெருண்டு ஓடினால் போதும், நம் குரல் காதில் ஏறாது. இரண்டு மாதத்தில் நான்கு கோழி. காசு கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன், வேலியை உயர்த்தினேன். ஆறடி வேலியையும் தாண்டியது. கடைசியில் சுற்றுச்சுவர் உள்ள ஒரு வீட்டில், வயதான தம்பதியிடம் ஒப்படைத்தேன். அங்கே நன்றாக இருக்கிறது, மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். பக்கத்தில் கோழியோ ஆட்டுக்குட்டியோ இருந்தால், நாயைக் கூட்டி வருவதற்கு முன்பே யோசியுங்கள். வந்த பிறகு யோசித்தால் அதற்குத்தான் வலி.

லாஸ்பேட்டையிலிருந்து:

எங்களிடம் இருப்பது அசல் கிரேஹவுண்ட். பந்தய ஆசையில் வடக்கிலிருந்து வாங்கியவர் சலித்துப்போய் எங்களுக்குக் கொடுத்தார். எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று: இதன் ரத்தம் மற்ற நாயைப் போல இருக்காது. காய்ச்சல் என்று ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பணு அளவு 58 சதவீதம், தட்டணு (பிளேட்லெட்) 1,30,000. நீர் வற்றிவிட்டது, உண்ணிக் காய்ச்சல் முற்றிவிட்டது என்று பயமுறுத்தி அன்றே படுக்க வைக்கச் சொன்னார்கள். இன்னொரு மருத்துவரிடம் போனோம். "கிரேஹவுண்டுக்குச் சிவப்பணு கூடுதலாவும் தட்டணு குறைவாவும் இருக்கிறது இயற்கைதாம்மா. ஆனா நம்ம ஊர்ல உண்ணி ஜாஸ்தி, அதனால இதை மட்டும் பார்த்துச் சும்மா விட முடியாது" என்று உண்ணிக் காய்ச்சலுக்குத் தனிப் பரிசோதனை செய்தார். இல்லை என்று வந்தது. சாதாரணக் காய்ச்சல், மூன்று நாளில் எழுந்துவிட்டது.

மயக்க மருந்தும் அப்படித்தான். தயோபென்டோன் கொடுத்தால் இந்த இனம் தெளிய ரொம்ப நேரம் எடுக்கும், உடம்பில் கொழுப்பு கம்மி, மருந்தைக் கரைப்பதும் மெதுவு. கருத்தடைக்குக் கொண்டு போனால் என்ன இனம் என்று மேசையில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழப்பம் என்றால் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கூட்டிப்போய்க் கேளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது அண்ணா. எங்களுடையது மாடி வீடு, தோட்டம் கிடையாது. ஓடும் நாயைப் பூட்டி வைத்த பாவம் வேண்டாம் என்கிறார் அப்பா. மாடிப்படி ஏறுமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து மறுபடியும்:

அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி, இதுகளுக்குப் பெரிய மைதானம் தேவையில்லை. கிரேஹவுண்ட் ஒரு மணிநேரத்துக்கு எழுபது கிலோமீட்டர் என்ற வேகத்தைத் தொடும், ஆனால் அந்த வேகம் ஒரு நிமிஷம்கூட நீடிக்காது. அக்கா வீட்டில் மணி பகலில் பெரும்பொழுது தூங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். சிட்டுவும் அப்படியே. காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி நடை, எப்போதும் கயிற்றோடு. அது போதும்.

படி ஏறுமா என்றால், ஏறும், அவசரப்படுத்தாவிட்டால். ஒரு படிக்கு ஒரு துண்டு வேகவைத்த சங்கரா மீன், முள் எடுத்து. முதல் வாரம் ஒரு படி, அதற்கு மேல் கூப்பிடவே இல்லை. பின்னால் ஒருவர் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்க வேண்டும். மணிக்கு மாமா அப்படித்தான் பழக்கினார். இரண்டு மாதத்தில் ஐந்து படிதான் ஆனது. அப்புறம் ஒரு ராத்திரி கரண்ட் போய், நாங்கள் எல்லாரும் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். கீழே சிட்டு கொஞ்ச நேரம் முனகியது. அப்புறம் சத்தம் இல்லை. மகள் தூங்கிப்போனாள். இருட்டில் சிமெண்ட் படியில் நகம் உரசும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. நாங்கள் யாரும் அசையவில்லை. பதினெட்டுப் படி. மேலே வந்து என் மனைவியின் கால்மாட்டில் சுருண்டு படுத்தது. கீழே இறங்கத் தெரியவில்லை, காலையில் நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். இப்போது இரண்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருப்போம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கயிற்றை அவர் கையில் கொடுக்கிறேன், கொஞ்ச தூரம் நடந்து பார்க்கட்டும்.