பொரித்த எண்ணெய் பயோடீசல்: ஜெனரேட்டர் 20 நிமிடத்தில் நிற்கிறது, அவசரம்

ரோல்ஸ்கடை_காத்தான்குடி
அஸ்ஸலாமு அலைக்கும். கடையில் பொரித்த எண்ணெயில் செய்த பயோடீசலை ஜெனரேட்டருக்கு ஊற்றினேன். ஸ்டார்ட் ஆகிறது. 20 நிமிடத்தில் சத்தம் ஏறி இறங்கி நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். நாளை கல்யாண ஓடர், ஃப்ரீசர் நிறைய கோழி. யாராவது சொல்லுங்கள்.

வாவிக்கரை
ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ? தனியாக ஊற்றினீர்களா, டீசலோடு கலந்தா? கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது?

லேண்ட்மாஸ்டர்
இன்ஜெக்டர்தான், அதுதான் டீசலை எஞ்சினுக்குள் பீச்சுவது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் வயலுக்குப் போக நானும் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஓட்டியவன். மூன்றாம் கிழமை கழற்றினால் நுனியில் கரி பூப்போல மலர்ந்திருந்தது.

பழைய_பாஸ்
அது பச்சை எண்ணெய், தடிப்பு கூட. இவர் கேட்பது வேறு. அதுசரி, ஊரில் "பயோடீசல்" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் ஊற்றுவது துணியில் வடித்த எண்ணெயைத்தான். எண்ணெயைப் பயோடீசலாக மாற்ற மெதனோல் போட்டீரா தம்பி? கழுவினீரா? விவரம் இல்லாமல் வைத்தியம் கேட்டு வருகிறார்கள்.

ரோல்ஸ்கடை_காத்தான்குடி
போட்டேன் காக்கா. 10 லீட்டருக்கு மெதனோல் 2 லீட்டர், கோஸ்டிக் சோடாவும். கிளிசரின் கறுப்பாக அடியில் இறங்கியது. கழுவவில்லை, நேரம் இல்லை. தனியாகத்தான் ஊற்றினேன். 10 கேவிஏ, 15 வருசப் பழசு. ஃபில்டர் ஞாபகம் இல்லை.

ஏறாவூரான்
பாம் எண்ணெயா? அது உறையும். தேங்காய் எண்ணெய் என்றால் பிரச்சினையே வராது.

லேண்ட்மாஸ்டர்
தேங்காய் எண்ணெய் உறையாதா? நுவரெலியாக் குளிரில் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஏறாவூரான்
பயோடீசலாக மாற்றிய பிறகு சொல்கிறேன். பாமில் செய்தது 15 பாகை வாக்கில் கலங்கும், தேங்காயில் செய்தது கலங்காது.

பழைய_பாஸ்
காத்தான்குடியில் 15 பாகை வந்தால் சொல்லி அனுப்புங்கள், கம்பளி எடுத்து வருகிறேன்.

வாவிக்கரை
விசயத்துக்கு வருவோம். பயோடீசல் கரைப்பான் மாதிரி. 15 வருசம் டாங்கியில் படிந்த பிசினைக் கிளப்பி ஃபில்டரில் அடைக்கும். கழுவாததால், கோஸ்டிக்கும் எண்ணெயும் சேர்ந்து உண்டான சவர்க்காரமும் சேர்ந்திருக்கும். நின்றதும் எண்ணெய் ஃபில்டர் வழியே மெல்லக் கசிந்து மறுபக்கம் நிறையும், அதனால்தான் ஆறினால் ஓடுகிறது. ஃபில்டரை மாற்றி இப்போதைக்கு டீசல் ஊற்றுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை: 27 மில்லி மெதனோலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் இறங்கினால் அது முழுதாகப் பயோடீசலாக மாறவில்லை. எண்ணெய் அதிகம் பொரிந்திருந்தால் கோஸ்டிக்கும் கூடத் தேவை, எண்ணெயின் அமிலத்தை அளந்து பார்த்துத்தான் போட வேண்டும். கழுவும்போது இளஞ்சூட்டுத் தண்ணீர், மெதுவாக. வேகமாகக் கலக்கினால் தண்ணீர் பிரியாமல் பால்போல ஆகிவிடும். பிறகு காய வைத்து, முதலில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் டீசலோடு கலந்து ஓட்டுங்கள். மெதனோல் விசம், கண்ணைப் பறிக்கும். பொரிக்கிற அடுப்புப் பக்கம் வேண்டாம்.

ரோல்ஸ்கடை_காத்தான்குடி
ஃபில்டரை வெட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக வழுவழு என்று களிபோல. புதுசு போட்டு டீசலில் ஓடுகிறது. கோழி தப்பியது. ஜஸாக்கல்லாஹ்.

வாவிக்கரை
டாங்கியையும் கழுவினீர்களா? ரப்பர் குழாய் ஊதியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?

பழைய_பாஸ்
கல்யாணத்துக்குப் போயிருப்பார்.